பெற்றோர் கையொப்பம் மட்டும் போதும்

1

முதலில் ஓர் அறிவிப்பு. இந்தக் குறிப்பில் வருகிற மகளின் விடைகள் எல்லாம் எழுதியவரிடம் முன் அனுமதி பெற்றே வெளியிடப்படுகின்றன. எழுதியவருக்கு வயது பத்து. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறார். பெயர் மது. 'படிக்கிறார்' என்று மரியாதை கொடுத்து எழுத வேண்டும் என்பது முதல் நிபந்தனை. கொடுத்தாயிற்று. இனிமேல் 'அவள்' என்று எழுதிக்கொள்ள ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து விலக்கு பெற்றிருக்கிறேன். இரண்டாவது நிபந்தனை, நான் எழுதுவதை உங்களுக்கு அனுப்பும் முன் அவள் படித்துப் பார்ப்பாள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் தெம்பு வேண்டும்.

போன வாரத்தோடு நாங்கள் மலேசியா வந்து நாலு வருஷம். அதைக் கொண்டாட என் வீட்டுக்காரர் பழைய பெட்டி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினார். கொண்டாட்டம் என்றால் அவருக்கு எதையாவது ஒழுங்குபடுத்துவதுதான். அந்தப் பெட்டிக்குள் என் நோட்டும், மதுவின் பழைய சோதனைத்தாளும் கிடந்தன. அந்தத் தாளில் ஒரு மடிப்பு இருந்தது. நான் எழுத உட்கார்ந்ததே அந்த மடிப்பால்தான்.

2

நான் கோவில்பட்டியில் பதினோரு வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவள். பரீட்சை முடிந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு ரசம் மட்டும்தான். மேஜை முழுக்கப் பேப்பர் கட்டாக இருக்கும். மற்ற டீச்சர்களுக்கு அது பாரம், எனக்கு அதுதான் திருவிழா. ஏனென்றால் கோடு போட்ட நோட்டு ஒன்றில் பிள்ளைகள் எழுதுகிற தப்பான விடைகளைச் சேர்த்து வந்தேன். பார்க்கப்போனால் தப்பு என்றும் சொல்ல முடியாது. கேள்வி கேட்டவர்தான் கொஞ்சம் யோசித்துக் கேட்டிருக்க வேண்டும்.

'நுரையீரல் எங்கே அமைந்துள்ளது?' என்ற கேள்விக்கு ஒருத்தி எழுதினாள்: 'புத்தகத்தில் நாற்பத்தேழாம் பக்கம், இடது கைப் பக்கம்.' நான் எடுத்துப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது.

'மழைநீர் சேகரிப்பின் அவசியத்தை விளக்குக' என்றதற்கு ஒரு பையன், 'எங்கள் தெருவில் மழை பெய்ததும் எழுதித் தருகிறேன்' என்று எழுதிவிட்டு, கீழே அரைப்பக்கம் இடம் விட்டிருந்தான். கோவில்பட்டியைத் தெரிந்தவர்களுக்கு அவன் நியாயம் புரியும்.

'பாக்டீரியாவால் விளையும் நன்மைகள் இரண்டு கூறு.' விடை: 'ஒன்று, காய்ச்சல் வரும். இரண்டு, லீவு கிடைக்கும்.'

'நீர் மாசடைவதைத் தடுக்கும் வழி யாது?' விடை: 'எங்கள் மாமாவைக் கம்மாயில் இறங்க விடக் கூடாது.'

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவற்றை ஸ்டாஃப் ரூமில் வாசிப்பேன். தமிழம்மாவுக்குச் சிரித்துப் புரையேறும். எந்தப் பிள்ளை எழுதியது என்று பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். அதில் நான் ரொம்ப நேர்மையானவள் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். பெயர் சொல்லாவிட்டால் என்ன, மாமா கம்மாயில் குளிக்கிற கதையை வாசித்தால் அது யார் வீட்டு மாமா என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையன் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினானா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை.

3

வீட்டுக்காரருக்குக் கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்து வந்தோம். அவருக்கு வேலை விசா. எனக்கும் மதுவுக்கும் அவரோடு ஒட்டிக்கொண்டு வருகிற விசா. அதில் நான் இருக்கலாம், சமைக்கலாம், சந்தைக்குப் போகலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது.

மதுவைப் பள்ளியில் சேர்க்க அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுப் பிள்ளையாம். ஒரு ஆபீசில் விண்ணப்ப ஃபாரம் கொடுத்தார்கள். அதை இன்னொரு ஆபீசில் முத்திரை வாங்கச் சொன்னார்கள். முத்திரை வைக்கிறவர் அன்று வரவில்லை, மறுநாள் வந்தார், நகல் ஒன்று குறைகிறது என்றார். ஆறு தடவை அலைந்தோம். கடைசி மேஜையில் இருந்த மலாய்க்கார அம்மா நல்ல மனுஷி. எனக்கு மலாய் தெரியாது என்று பார்த்து, ஃபாரத்தை அவரே வாங்கி நிரப்பினார். தாயின் தொழில் என்ற கட்டம் வந்தது. நான் 'டீச்சர், டீச்சர்' என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் என் விசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே 'சூரி ரூமா' என்று எழுதினார். ஏதோ பெரிய பதவி போல இருக்கிறதே என்று நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இல்லத்தரசி என்று அர்த்தம். அன்று சாயங்காலம் நான் அழுதேன் என்பதை இங்கே எழுதலாமா என்று மதுவிடம் கேட்டேன். எழுது, ஆனால் அப்பாவும் பயந்துபோய் ரசம் வைத்தார், அதையும் சேர்த்து எழுது என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பேப்பர் கட்டு இல்லாத சிவப்புப் பேனா சும்மா இருக்குமா? முதலில் வீட்டுக்காரர் எழுதிவைத்த மளிகைச் சீட்டைத் திருத்திக் கொடுத்தேன். பிறகு அவர் போட்ட டீ. பிறகு அவர் துணி மடிக்கிற விதம். நூற்றுக்கு இவ்வளவு என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவேன். விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தேன். சின்ன இந்தியா என்கிற கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லப்போய், அவர் எனக்கு இலவசமாக ஒரு வடை கொடுத்து அனுப்பினார். இனிமேல் வரக் கூடாது என்பதற்கான வடை அது.

மது இங்கே வந்த ஆறாவது மாதமே காரைக் 'காடி' என்றாள். காலைச் சாப்பாடு 'பசியாறுறது' ஆகிவிட்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'லா'. கோவில்பட்டியில் பிறந்த பிள்ளை 'ஆமா லா, தெரியும் லா' என்று பேசினால் நான் விடுவேனா? ஒரு லாவுக்கு அரை மார்க் குறைப்பேன் என்று சட்டம் போட்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அவள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டாள்.

4

இங்கே நன்னெறிக் கல்வி என்று ஒரு பாடம் உண்டு. நம் ஊரில் நீதிபோதனை பீரியட் என்றால் கணக்கு சார் உள்ளே வந்து கணக்கு நடத்துவார். இங்கே அதற்குத் தனிப் புத்தகம், பயிற்றி என்கிற பயிற்சிப் புத்தகம், சோதனை எல்லாம் இருக்கிறது. விடையின் கடைசியில் இது இன்ன நெறி என்று பெயரும் எழுத வேண்டும். நேர்மை, மரியாதை, அன்புடைமை என்று பட்டியலே இருக்கிறது. சோதனைத்தாளை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெற்றோர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அரையாண்டுச் சோதனைத்தாளை மது நீட்டினாள். நாலு பெரிய கேள்வி. பன்னிரண்டுக்கு இரண்டரை மார்க். நான் படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன்.

முதல் கேள்வி: 'சிற்றுண்டிச்சாலையில் யாரோ விட்டுச்சென்ற தண்ணீர்ப் புட்டியைக் காண்கிறாய். என்ன செய்வாய்?'

'மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். சிராப் என்றால் அங்கேயே வைத்துவிடுவேன், சொந்தக்காரர் ஓடி வருவார். வெறும் தண்ணீர் என்றால் யாரும் வர மாட்டார்கள். அதை ஆசிரியரிடம் ஒப்படைப்பேன். நெறி: நேர்மை.' சிராப் என்பது இங்கே பிள்ளைகள் உயிரை விடுகிற ரோஸ் கலர் சர்பத்.

இரண்டாவது: 'பொது இடங்களில் நாம் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்?'

'வரிசையில் நின்றால்தான் என் அம்மா முன்னால் இருப்பவரிடம் நீங்க எந்த ஊர் என்று கேட்க முடியும். அவர் விருதுநகர் என்றால் அம்மா அவரை அண்ணே என்பார். பிறகு அண்ணன் எங்களை முன்னால் விடுவார். இப்படியே மூன்று அண்ணன் கிடைத்தால் கவுண்டர் வந்துவிடும். நெறி: ஒத்துழைப்பு.'

மூன்றாவது: 'அண்டை வீட்டாரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?'

'அவர்கள் கேட் முன்னால் நம் காடியை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்க்கக் கூடாது. ஏனென்றால் அவர்களும் அங்கிருந்து திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். கண்ணும் கண்ணும் பட்டால் இரண்டு வீட்டிலும் விளக்கை அணைத்துவிட வேண்டும். நெறி: மரியாதை.'

இத்தனை வருஷம் நோட்டில் சேர்த்ததெல்லாம் ஊரார் பிள்ளைகள் எழுதியது. இது என் வயிற்றில் பிறந்தது. பெருமை தாங்கவில்லை. குடும்ப குரூப்பில் போட வேண்டும் என்று தாளை மேஜையில் விரித்தேன். பெயர் தெரியக் கூடாது என்று மேலே என் பெருவிரலை வைத்து மறைத்தேன்.

அப்புறம் நாலாவது கேள்விக்கு வந்தேன். 'உன் தாயார் உனக்காகச் செய்யும் தியாகம் ஒன்றை எழுதுக.' அதற்கு அவள் எழுதியிருந்ததைப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன எழுதியிருந்தாள் என்று இப்போது கேட்காதீர்கள். மூன்றாம் விடைக்குக் கீழே தாளை மடித்தேன். மடிப்பை நகத்தால் நன்றாக நீவினேன். படம் எடுத்து அனுப்பினேன். மதுவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அதோடு நிற்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, டீச்சர் திருத்தியிருந்ததற்குப் பக்கத்திலேயே நானும் திருத்தினேன். முதல் மூன்றுக்கும் அரை மார்க் கூட்டிப் போட்டேன். டீச்சர் எழுதிய குறிப்பில் விட்டுப்போன ஒற்று ஒன்றையும் வட்டமிட்டேன். நாலாவதை மட்டும் தொடவில்லை. இவ்வளவும் செய்த நான் கையெழுத்துப் போட மறந்துபோனேன். மறுநாள் தாள் ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தது. 'மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம். பெற்றோர் கையொப்பம் மட்டும் போதும். நன்றி.'

எனக்கு வந்ததே கோபம். பதினோரு வருஷ சர்வீஸ், எனக்கே சீட்டா? தாளைத் தூக்கிப் பெட்டியில் போட்டேன். கையெழுத்துப் போடவே இல்லை.

5

எங்கள் எதிர் வீட்டில் தேவி அக்கா இருக்கிறார். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் தாத்தா ரயில் பாதை போட வந்தவராம். இந்த ஊரில் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிற முதல் ஆள் அவர்தான். அதற்காகவே நான் செய்கிற அதிரசத்தில் பாதி அந்த வீட்டுக்குப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பேசியை ஆட்டிக்கொண்டு வந்தார். நான் மதுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு ஜடை முடிந்திருந்தது, ஒன்று பாக்கி.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிற அவர் நாத்தனார் அனுப்பிய ஃபார்வர்டாம். 'சேலத்தில் ஒரு மாணவனின் விடைத்தாள், படித்துச் சிரித்துவிட்டுப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று மேலே போட்டிருந்தது. தேவி அக்கா சிரிப்புக்கு நடுவே மூன்று விடையையும் சத்தமாக வாசித்தார். சேலத்தில்கூட சிராப் குடிக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டார். காடி என்று எழுதியிருக்கிறான் பாருங்கள் டீச்சர், அந்த ஊரிலும் நம்ம பேச்சுதான் போல என்று சந்தோஷப்பட்டார். திரைச்சீலை விடை வந்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. இப்படியெல்லாம் அக்கம்பக்கத்தில் நடக்குமா என்று கேட்டார். நான் சீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மது கை நீட்டி அந்தக் கைப்பேசியை வாங்கினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என் பெருவிரலைப் பார்த்தாள். பிறகு படத்தைக் கீழே தள்ளினாள், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"நாலாவது எங்கம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஒன்னப் பத்தி எழுதினத மட்டும் மடிச்சிட்ட."

அழவில்லை, கத்தவில்லை. கைப்பேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒற்றை ஜடையோடு உள்ளே போனாள். மறு ஜடையை அவளே பின்னிக்கொண்டாள், கோணலாக.

6

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நன்னெறிப் புத்தகம் நடமாட ஆரம்பித்தது.

பசியாறிட்டியா என்று கேட்டால், 'ஆம், பசியாறிவிட்டேன். நன்றி' என்பாள். தோசை எப்படி என்றால், 'உணவு சுவையாக உள்ளது. சமைத்தவரைப் பாராட்டுகிறேன்.' பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றால், 'ஆசிரியர் பாடம் போதித்தார். நாங்கள் அமைதியாகச் செவிமடுத்தோம்.' அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை கிடையாது. முன்பெல்லாம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அங்கிளின் தும்மலைப் பற்றியே கால் மணி நேரம் பேசுகிற பிள்ளை அது.

நான் மன்னிப்புக் கேட்டேன். தப்புதான்டி, இனிமேல் செய்ய மாட்டேன் என்றேன். 'பரவாயில்லை. மன்னிப்பது உயர்ந்த குணம்' என்றாள். இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

வீட்டுக்காரர் ஒரு யோசனை செய்தார். காஜாங் வரைக்கும் ரயிலில் போய் சாத்தே வாங்கிக் கொடுத்தோம். குச்சியில் குத்திச் சுட்ட கோழி, வேர்க்கடலைக் குழம்பு, அவளுக்கு உயிர். இருபது குச்சி. மது எண்ணிப் பத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, 'பகிர்ந்து உண்பது நற்பண்பாகும்' என்றாள். எதிர் மேஜையில் இருந்த ஒரு ஆன்டி, எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று என்னைப் பாராட்டினார். வீட்டுக்காரர் பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்து போனார். சிரிக்கப் போனாரா, அழப் போனாரா என்று அவர் இதுவரை சொல்லவில்லை.

லா போய்விட்டது. மாதக்கணக்கில் ஒரு லாகூட இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆண்டிறுதிச் சோதனை வந்தது. நன்னெறியில் மது நூற்றுக்கு நூறு. அந்த நூறைப் பார்த்ததும் மடிப்புக்கு அடியில் இருந்த விடை எனக்கு ஞாபகம் வந்தது.

7

நூற்றுக்கு நூறு வாங்கியதற்காகப் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பியது நான் அறிந்தவரை இந்த ஒரு பள்ளிக்கூடம்தான். எனக்கு இங்கே வண்டி ஓட்ட லைசென்ஸ் இல்லாததால் தேவி அக்காதான் கொண்டுபோய் விட்டார்.

குமுதா டீச்சர் சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் மிரண்டார், விட்டுப்போன ஒற்றுக்கு வட்டம் போட்ட ஆள் என்று ஞாபகம் இருந்திருக்கும். தாளை என் முன்னால் வைத்தார். அரையாண்டுக் கேள்விகளும் அதில் திரும்ப வந்திருந்தன. எல்லா விடையும் பயிற்றியில் இருப்பது போலவே ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. புட்டியை ஆசிரியரிடம் ஒப்படைப்பேன், நேர்மை. வரிசையில் நின்றால் ஒழுங்கு காக்கப்படும், ஒத்துழைப்பு. எல்லாம் அச்சடித்த மாதிரி.

"மத்த பிள்ளைங்க தாளெல்லாம் திருத்தி முடிச்சிட்டு, மது தாளைக் கடைசியா எடுப்பேன் டீச்சர். அலுப்பு தீரட்டும்னு. இந்தத் தடவ எடுத்தேன், தூக்கம் வந்துடுச்சு" என்றார்.

அவரும் என்னை டீச்சர் என்றார்.

அரையாண்டில் மது எழுதிய நாலாவது விடைக்குத் தான் சுழியம் போட்டது தன் தப்பு என்றும், அந்த நெறிக்கு மார்க் போட வழி தெரியவில்லை என்றும் சொன்னார். ஒருவேளை அதனால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டாளோ என்று அவருக்குப் பயம். வீட்டில் ஏதாவது சொன்னீர்களா என்று என்னைக் கேட்டார்.

"ஒன்னும் சொல்லல. மடிச்சிட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் மொத்தக் கதையையும் சொன்னேன். கோவில்பட்டி நோட்டு, ஸ்டாஃப் ரூம், கம்மாய் மாமா, பெருவிரல் எல்லாம். கேட்டுவிட்டு அந்தச் சின்னப் பெண் மெதுவாக மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டியது. கோடு போட்ட நோட்டு. பிள்ளைகள் எழுதிய தப்பான விடைகள். பிறகு அவர் அதைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டினார்.

8

வரும் வழியில் தேவி அக்காவிடம் இனி உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டேன், நானே லைசென்ஸ் எடுக்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஊரில் பத்து வருஷம் ஸ்கூட்டி ஓட்டியவள்தானே. முதலில் சாலை விதித் தேர்வு எழுத வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் பயிற்சித் தாள் ஒன்று தமிழிலேயே கொடுத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலுமே எனக்குத் திருப்தியாக இல்லை. அதனால் பல இடத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சிவப்புப் பேனாவால் நானே எழுதிச் சேர்த்தேன். அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு இட்லிக்கு அரிசி களையப் போனேன்.

திரும்பிப் பார்த்தால் மது அதை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முகம் நன்னெறிப் புத்தகம் மாதிரியேதான் இருந்தது.

'ஹாரனை எப்போது பயன்படுத்தலாம்?' என் விடை: 'கிளம்பும்போது, திரும்பும்போது, நிற்கும்போது. தெருவில் யாருமே இல்லாதபோது நாம் வருகிறோம் என்று தெரிவிக்க.'

'பின்னால் வரும் வாகனம் உங்களை முந்த முயல்கிறது. என்ன செய்ய வேண்டும்?' என் விடை: 'யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். தெரிந்தவர் என்றால் விடலாம்.'

'பாதசாரி சாலையைக் கடக்க நிற்கிறார்.' என் விடை: 'அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். அவர் பயந்தால் நாம் போகலாம். அவர் பயப்படவில்லை என்றால் நாம் பயப்பட வேண்டும்.'

'வட்டச் சாலைச் சந்திப்பில் யாருக்கு முதல் வழி?' என் விடை: 'வயதில் மூத்தவருக்கு.'

மதுவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஈரக்கையோடு ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"வட்டத்துல சுத்திக்கிட்டே எல்லார்கிட்டயும் எப்படி லா வயசு கேப்ப?"

நான் களைந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவோ நாளுக்கு அப்புறம் ஒரு லா. அரை மார்க் குறைக்கவில்லை. இன்னொன்று சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

என் கைப்பேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். படம் எடு, குடும்ப குரூப்பில் போடு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எதையாவது மடிக்கணுமா என்று கேட்டாள். ஒன்றையும் மடிக்காதே என்றேன். பெருவிரல் வைக்கவா என்றாள். வேண்டாம் என்றேன். மேலே என் பெயர், படிப்பு, பதினோரு வருஷ அனுபவம் எல்லாம் போட்டு, நாலு பக்கமும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினாள். என் தம்பி பதினெட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டான். எங்கள் பழைய தமிழம்மாவுக்கு யாரோ அனுப்ப, அவர் எனக்கே போன் பண்ணிப் புரையேறிக் காட்டினார்.

நாலாம் நாள் தேவி அக்கா வந்தார். 'அமெரிக்காவில் லைசென்ஸ் எடுக்கப் போன ஒரு தமிழ்ப் பாட்டியின் விடைத்தாள்' என்று வாசித்தார். பெயரையும் படிப்பையும் யாரோ வெட்டிவிட்டார்கள். பாட்டி என்றது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. மது இடையில் புகுந்து, அது பாட்டி இல்லை, ஆன்டி, எங்கள் அம்மாதான் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். சொன்ன சூட்டில் சேலத்து மாணவன் தான்தான் என்பதையும் சொல்லிவிட்டாள். அக்கா வெகுநேரம் யோசித்தார். எழுந்து கேட் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா ஒன்னு டீச்சர். அன்னிக்குத் திரைச்சீலை நான் பார்க்கல. காத்துல ஆடுச்சு லா."

தேர்வில் முதல் தடவை நான் ஃபெயில். இரண்டாம் தடவைக்கு மதுதான் பாடம் நடத்தினாள். ஒவ்வொரு தப்புக்கும் அரை மார்க் குறைத்தாள். பாஸ் பண்ணிவிட்டேன். இப்போது எங்கள் காடியை நான்தான் ஓட்டுகிறேன். ஹாரன் அடிப்பதில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொள்கிறேன்.

9

அந்த மூன்றாவது நிபந்தனைக்கு வருகிறேன். நாலாவது விடையை மடிக்காமல் முழுசாகப் போட வேண்டும். போடாவிட்டால் மற்ற மூன்றும் கிடையாது. என் விடையை நாடே படித்துச் சிரித்தாயிற்று, இன்னும் என்ன என்று மன்றாடிப் பார்த்தேன். அது நீ எழுதினது, இது நான் எழுதினது என்றாள்.

பெட்டியிலிருந்து எடுத்த தாளை இருவருமாக மேஜையில் விரித்தோம். மடிப்புக் கோடு பழுப்பேறியிருந்தது. நீவிப் பார்த்தேன், போகவில்லை. அதற்குக் கீழே இருந்தது இதுதான்.

'உன் தாயார் உனக்காகச் செய்யும் தியாகம் ஒன்றை எழுதுக.'

'என் அம்மா ஊரில் டீச்சர். இங்கே அவருக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. அதனால் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு எங்களைத் திருத்துகிறார். அப்பாவுக்கு நூற்றுக்கு நாற்பது. எனக்கு அறுபது. எங்களுக்கு நூறு வாங்கத் தெரியும். ஆனால் நாங்கள் நூறு வாங்கினால் அம்மாவுக்கு இந்த வேலையும் போய்விடும். அதனால் நானும் அப்பாவும் குறைவாக வாங்குகிறோம். இந்த வீட்டில் தியாகம் செய்வது நாங்கள்தான். நெறி: அன்புடைமை.'

பக்கத்தில் குமுதா டீச்சர் எழுதியிருந்தார்: 'வினாவை மீண்டும் படிக்கவும்.' மூன்றுக்குச் சுழியம்.

நான் விடையைத்தான் மீண்டும் படித்தேன். பக்கத்து அறையில் வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார், நாற்பது மார்க்குக்கு. என் கை தன்னால் சிவப்புப் பேனாவை எடுத்தது. மது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, அவளிடம் நீலப் பேனா ஒன்று கேட்டு வாங்கினேன்.

எதையும் திருத்தவில்லை. கீழே பெற்றோர் என்று போட்டிருந்த கோட்டின் மேல் கையெழுத்து மட்டும் போட்டேன்.